அகத்தி லகூனில் முதல் மூன்று மீட்டர்

விமானம் லட்சத்தீவின் அகத்தியில் இறங்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடம் சன்னலில் தெரிவதுதான் இந்தத் தீவின் வரைபடம். கருநீலக் கடல், அதில் வளைந்தோடும் வெள்ளை நுரைக்கோடு, கோட்டுக்கு உள்ளே வெளிர்பச்சைத் தண்ணீர், கிழக்கு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான தென்னந்தோப்பு. நுரை தெரியும் இடத்தில் பவளப்பார் கடல்மட்டம் வரை எழும்பி அலையை உடைக்கிறது. உள்ளே இருப்பது லகூன். லட்சத்தீவில் பெரும்பாலான தீவுகளுக்கு இதே அமைப்புதான்: தரை கிழக்கே, லகூன் மேற்கே. ஆந்த்ரோத் மட்டும் விலக்கு. அதற்கு லகூனே கிடையாது.

மேலிருந்து பார்த்தால் நீச்சல்குளம் மாதிரி இருக்கும். ஆழமும் ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பகுதியில் ஒன்று முதல் மூன்று மீட்டர். ஆளை ஏமாற்றுவது இந்த ஆழமின்மைதான். முப்பது மீட்டருக்குப் போகிறவர் பயிற்சி எடுத்து, கணக்குப் போட்டு, கருவியைச் சரிபார்த்துக்கொண்டு போகிறார். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்கிறவர் வாடகை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அப்படியே இறங்கிவிடுகிறார். காது வலிப்பதும், தண்ணீரைக் குடித்துப் பதறுவதும், முழங்கால் கிழிவதும், பவளம் ஒடிவதும் பெரும்பாலும் இந்த முதல் மூன்று மீட்டருக்குள்தான் நடக்கின்றன.

போவதற்கு முன் இரண்டே விஷயம். லட்சத்தீவுக்கு வெளியாட்கள் எல்லாருக்கும், இந்தியராக இருந்தாலும், நுழைவு அனுமதி வேண்டும். அது கைக்கு வருமுன் டிக்கெட் எடுக்காதீர்கள். காலம்: அக்டோபர் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அறையும்போது லகூன் பக்கமே அடிவாங்கும் பக்கம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும் அல்லது ஓய்ந்திருக்கும். தீவே லகூனுக்கு மறைப்பாக நிற்கும். தண்ணீரும் அப்போதுதான் தெளிந்திருக்கும். கொச்சியிலிருந்து கப்பலில் வந்தால் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம். குமட்டல் மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது.

இனி மாஸ்க். லகூனில் ஒரு நாள் இனிப்பதும் கசப்பதும் எண்பது விழுக்காடு இதைப் பொறுத்ததுதான். வாரைப் பின்னால் தள்ளிவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும்வரை விழாமல் ஒட்டியிருந்தால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க். சரிந்தால் வேறு எடுங்கள். வாரை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று நினைப்பது பொதுவான தவறு. இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாகத் தண்ணீர் விடும். நெற்றியில் ஒரு மணி நேரம் அழியாத வளையமும் மிச்சம். வார் பின்மண்டையின் மேடான இடத்தில் உட்கார வேண்டும், காதுக்கு மேலாக. விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு முடிக்கற்றை போனாலும் கசியும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து நெற்றியில் வழியவிட்டிருந்தால் மாஸ்க் வழுக்கும். அன்று காலை எண்ணெய் வேண்டாம்.

மீசைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மாஸ்க்கின் கீழ்விளிம்பு மேலுதட்டில்தான் உட்காருகிறது. ஒவ்வொரு மீசைமயிரும் ஒரு வாய்க்கால். மூக்குக்கு நேர் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் மழித்துவிட்டால் மீசையின் தோற்றம் கெடாது, கசிவும் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மனம் வராதவர்கள் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாசலைன் உடனடியாக வேலை செய்யும்; ஆனால் நாள்பட்டால் விளிம்பை உப்பவைக்கும். வாடகை மாஸ்க்கில் அதைப் பூசாதீர்கள். இன்னொரு விஷயம், தண்ணீருக்குள் சிரித்தால் கன்னம் மேலேறி மாஸ்க் திறந்துகொள்ளும். முதல் ஆமையைப் பார்த்ததும் மாஸ்க் நிறைவது இதனால்தான்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த சிலிக்கான் படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் வைத்து விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும், இரண்டு மூன்று முறை. இதைச் செய்யாத புது மாஸ்க் ஐந்தே நிமிடத்தில் பனி மூடும். அதன் பிறகு ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு, அல்லது எச்சில் தடவி ஒரே ஒரு அலசு அலசினால் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்குவது நல்லது. கிட்டப்பார்வைக்கு அரை அரையாக ஏறும் அளவுகளில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கு மீட்டரில் இருப்பது மூன்றில் இருப்பது போலவும் தெரியும். அதனால் குறைந்த பவர்க்காரர்கள் கண்ணாடி இல்லாமலேயே சமாளித்துவிடுவார்கள். மீன் அளவைப் பற்றிக் கரையேறிச் சொல்லும் கதைகளையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாயில் கவ்வி மூச்சு விடும் ஸ்நார்க்கல் குழாயின் நீளம் முப்பத்தைந்து நாற்பது சென்டிமீட்டர்தான். நீளமான குழாய் வைத்துக்கொண்டு ஆழத்தில் நடக்கலாமே என்று சிறுவர்கள் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நூறு கிராம் எடையோடு அழுத்துகிறது. மார்பின் முன்பக்கம் ஆயிரம் சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் நூறு கிலோ. மேலே இருந்து சாதாரணக் காற்றை இழுக்க அந்த நூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு நெஞ்சு விரிய வேண்டும். முடியாது. இருக்கும் சிறு குழாயிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு சென்டிமீட்டர் விட்டம், நாற்பது சென்டிமீட்டர் நீளம் என்றால் உள்ளே 125 மில்லி காற்று. சாதாரணமாக நாம் விடும் ஒரு மூச்சு அரை லிட்டர். அதில் கால் பங்கு குழாயிலேயே தங்கிய பழைய காற்றாகத் திரும்பி வரும். பதற்றத்தில் சின்னச் சின்னதாக மூச்சு விடுகிறவருக்கு இந்தப் பங்கு இன்னும் கூடும், மூச்சு முட்டும், மேலும் பதறுவார். மெதுவாக, ஆழமாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இப்போது நிறைய விற்கிறது. கரியமிலவாயு தேங்கும் இடம் அதில் கூடுதல், தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றுவதும் கடினம், மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்யவும் முடியாது. எங்கள் கருத்தில் அது வேண்டாத செலவு.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, காலில் மாட்டும் துடுப்பான ஃபின் இல்லாமல், பத்து நிமிடம் இரண்டே பயிற்சி. ஒன்று: முகத்தை உள்ளே வைத்துக் குழாயில் தண்ணீர் நிறையவிட்டு 'ஃபூ' என்று ஒரே ஊதலில் வெளியேற்றுவது. ஊதுவதற்கு நுரையீரலில் எப்போதும் கொஞ்சம் காற்று மிச்சம் வைத்திருக்க வேண்டும். அடுத்த மூச்சின் தொடக்கத்தை நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெல்ல இழுத்தால், மீதி இருக்கும் துளிகள் தொண்டைக்குப் போகாது. இரண்டு: மாஸ்க்கில் பாதி தண்ணீர் விட்டு, மேல் சட்டத்தை விரலால் அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுவது. காற்று மேலே போய்த் தண்ணீரைக் கீழ்விளிம்பு வழியே தள்ளும். இவ்விரண்டும் கைவந்தவர் லகூனில் பதறுவது அபூர்வம். பதறினால் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: புரண்டு மல்லாந்துவிடுங்கள். நிமிர்ந்து நிற்க முயன்றால் ஃபின் பவளத்தில் சிக்கும்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தருவார்கள். மார்புப் பட்டையை மட்டும் மாட்டிவிட்டுத் தொடைப்பட்டையை விட்டுவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் தாடைவரை ஏறி, ஆள் அதற்குள் தொங்கிக்கொண்டிருப்பார். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதைத் தொட்டால் தளர்வு. உடையைப் பொறுத்தவரை, மக்கள் வசிக்கும் தீவுகளில் அடக்கமான உடுப்பை எதிர்பார்ப்பார்கள். முழுக்கை நீச்சல்சட்டையும் லெக்கிங்ஸும் வெயிலுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. தளர்ந்த சுடிதாரும் துப்பட்டாவும் நீரில் இழுக்கும். சன்ஸ்கிரீன், பவளத்துக்குக் கேடான ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாத துத்தநாக வகையாக இருக்கட்டும். நெற்றிக்கு மட்டும் வேண்டாம், வழிந்து மாஸ்க்குக்குள் போய்க் கண் எரியும். முதல் நாளே எரிந்து கொப்பளிப்பது முழங்காலின் பின்புறமும் கழுத்தும்தான்.

லகூனுக்குள் எப்போது இறங்குவது என்பதை விடுதியின் சாப்பாட்டு நேரம் தீர்மானிக்கக் கூடாது. கடல் ஏறி இறங்கும் அளவு இங்கே ஏறக்குறைய ஒரு மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் கூடும். ஒரு மீட்டர் என்பது தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. மேல்நுனி ஒன்றரை மீட்டரில் இருக்கும் மான்கொம்புப் பவளத்துக்கு மேலே நீந்துகிறவருக்கு அது வயிறு உரசுமா உரசாதா என்ற வித்தியாசம். நீர் பாதிக்கு மேல் ஏறிய பிறகு இறங்கி, முழுதாக ஏறி, திரும்ப வடியத் தொடங்கும்போது கரையேறுவது நல்ல கணக்கு. நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும் என்பதால் நேற்று பத்து மணிக்கு அருமையாக இருந்த இடம் நான்கு நாள் கழித்து அதே பத்து மணிக்கு முள்வேலியாக இருக்கும்.

இதைவிட முக்கியம், பாரில் உள்ள வாய். படகுகள் வெளிக்கடலுக்குப் போகும் கால்வாய் அது. ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பாதி சரி. மேற்குப் பாரின் மேல் அலை உடையும்போதெல்லாம் ஒரு வாளி தண்ணீர் லகூனுக்குள் கொட்டுவது மாதிரி. கொட்டியது எங்காவது வெளியேற வேண்டும்; வாய் வழியாகத்தான் வெளியேறும். அலை பெரிதாக இருக்கும் நாளில், ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே வாயில் நீரோட்டம் வெளியே ஓடும். வற்றமும் பெரிய அலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாட் வேக ஓட்டம் என்றால் வினாடிக்கு அரை மீட்டர், நிமிடத்துக்கு முப்பது மீட்டர். சராசரி ஆள் ஃபின்னோடு அரை மணி நேரம் தொடர்ந்து நீந்தக்கூடிய வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிர்த்து நீந்தினால் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள், களைத்துப் போகும்வரை.

ஓட்டத்தைக் கரையிலிருந்தே படிக்கலாம். நங்கூரமிட்ட படகுகளின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். காற்று இல்லாத காலையில் அவை ஓட்டத்தை எதிர்த்தே நிற்கும். தண்ணீருக்குள் கடற்புல் சாயும் திசை, மிதக்கும் தூசு நகரும் திசை. அசையாமல் மிதந்து கீழே ஒரு கல்லைக் குறித்துவையுங்கள். முப்பது நொடியில் அதைவிட்டு ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த இடத்தை விடுங்கள். முதல் பாதி எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து; திரும்பி வரும்போது அதுவே கொண்டுவந்து விடும். பிடிபட்டுவிட்டால் குறுக்காக, ஆழமில்லாத பக்கம் நோக்கி நீந்துங்கள். வாய்க்கு இருநூறு மீட்டருக்குள் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பிரகாசமான நிறத்தில் ஒரு மிதவையைக் கயிற்றில் இழுத்துச் செல்வது நல்லது, ஏனென்றால் லகூனில் படகுகள் வேகமாக ஓடும். தண்ணீருக்குமேல் தெரியும் ஒரு தலை தேங்காய் அளவுதான்.

குழாயோடு மிதப்பது பழகியதும் கீழே ஒரு முங்கு போடலாம் என்று தோன்றும். இங்கேதான் காது. கடல்மட்டத்தில் அழுத்தம் ஒன்று என்றால் பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று. முதல் பத்து மீட்டரில் இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு எந்தப் பத்து மீட்டரும் இரட்டிப்பாக்காது. விகிதத்தில் மாற்றம் மிக வேகமாக நடப்பது மேல்தட்டில்தான். அதனால் தலை உள்ளே போவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி ஒருமுறை சமன்செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை. வலி வந்த பிறகு செய்யலாம் என்றால், உள்ளிருக்கும் குழல் அழுத்தத்தில் மூடிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஊதினாலும் திறக்காது. பலமாக ஊதினால் உள்காதுக்கே கேடு. ஒரு மீட்டர் மேலே வந்து திரும்ப முயலுங்கள், முடியாவிட்டால் அன்று முங்கு வேண்டாம். சளி இருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது மோசமான யோசனை; மாத்திரையின் வீரியம் ஆழத்தில் தீர்ந்தால் திரும்பி வரும் வழியில் காற்று சிக்கிக்கொள்ளும். மாஸ்க்குக்குள்ளும் இதே அழுத்தம்தான். முங்கும்போது மூக்கால் கொஞ்சம் காற்றை மாஸ்க்குக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் அது கண்ணை உறிஞ்சி, வெள்ளைவிழியில் ரத்தக்கோடுகள் ஒரு வாரம் இருக்கும்.

நீண்ட நேரம் தம் பிடிக்க வேண்டும் என்று பத்து இருபது வேகமூச்சு இழுத்துவிட்டு முங்குகிறவர்கள் உண்டு. மூச்சை விடச் சொல்லி உடலைத் துரத்துவது கரியமிலவாயு. வேகமூச்சு அதைத்தான் கழுவிவிடுகிறது. ஆக்சிஜன் கூடுவதில்லை. எச்சரிக்கை மணி அடிக்காமலேயே ஆக்சிஜன் தீர்ந்து, பெரும்பாலும் மேலே வரும் கடைசி மீட்டர்களில், சத்தமில்லாமல் நினைவு போகும். பக்கத்தில் இருப்பவருக்கு மீன் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். இரண்டு மூன்று நிதான மூச்சு போதும். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு மேலே ஓய்வு.

அடுத்தது, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்கும் டைவ். சான்றிதழ் இல்லாதவர்களுக்கான அறிமுக டைவில் பயிற்சியாளர் பின்னால் இருந்து உங்கள் சிலிண்டர் வால்வைப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார், பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போக மாட்டார்கள். மருத்துவக் கேள்வித்தாளில் ஆஸ்துமா, வலிப்பு, இதயம், காது அறுவை, கர்ப்பம் பற்றிக் கேட்பார்கள். காசு கட்டிவிட்டோமே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடாதீர்கள். அந்தத் தாள் உங்களுக்காக எழுதப்பட்டது. ஒரு சிறு குழப்பம்: கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் தண்ணீருக்குள் 'மேலே போகலாம்' என்று பொருள். அருமை என்று சொல்ல நினைத்துக் கட்டைவிரல் காட்டி, ஆமைக்கு முன்னாலிருந்து மேலே கொண்டுபோகப்பட்டவர்கள் ஏராளம். 'சரி' என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்.

சிலிண்டரோடு ஒரே ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் மேலே: மூச்சை அடக்காதீர்கள். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். நுரையீரலை நிறைத்து அடக்கிக்கொண்டு ஒன்றேகால் மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழிய இடமுண்டு. அதாவது நெஞ்சளவுத் தண்ணீரில் சிலிண்டரோடு உட்கார்ந்து பயிற்சி செய்யும்போதே. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது மனித இயல்பு. அதற்காகத்தான் மாஸ்க் பயிற்சியை முன்பே முடிக்கச் சொல்வது.

சான்றிதழ் உள்ளவர்கள் காற்றைக் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11.1 லிட்டர், 200 பார் அழுத்தத்தில் நிறைத்தால் ஏறக்குறைய 2,220 லிட்டர் காற்று. 50 பாரோடு மேலே வர வேண்டும் என்றால் செலவழிக்க 1,665 லிட்டர். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 12 மீட்டரில் அதைப் போல் 2.2 மடங்கு, 44 லிட்டர் இழுப்பார். முப்பத்தெட்டு நிமிடம் வரும். புதிதாக வந்தவர் கை கால் ஆட்டிக்கொண்டு 30 லிட்டர் இழுத்தால் இருபத்தைந்து நிமிடம்தான். அந்த அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது லேசாகி மிதக்கப் பார்க்கும், ஏறக்குறைய இரண்டு கிலோ வித்தியாசம். டைவின் தொடக்கத்தில் சரியாக இருந்த, எடைக்காகக் கட்டிய ஈயத்தட்டு, முடிவில் ஐந்து மீட்டரில் நிற்கும்போது போதாமல் ஆளை மேலே தூக்கிவிடும். கிட்டத்தட்டக் காலியான சிலிண்டரோடு, பிசிடியில் (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் மேல்சட்டை) காற்றில்லாமல், சாதாரண மூச்சைப் பிடித்து நிமிர்ந்து நின்றால் தண்ணீர்மட்டம் கண்ணுக்கு நேராக வர வேண்டும். மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர்; ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தம். பிசிடியில் உள்ள காற்று முப்பதிலிருந்து இருபது மீட்டர் வருவதற்குள் மூன்றில் ஒரு பங்குதான் விரியும்; கடைசிப் பத்து மீட்டரில் இரட்டிப்பாகும். ஆழத்தில் அழகாக மிதந்தவர் நீர்மட்டத்துக்கு அருகில் பந்து மாதிரி துள்ளுவது இதனால்தான்.

டைவ் முடித்துத் திரும்பும் பயணத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. டைவில் உடம்பில் கரைந்த வாயு, உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரைப்படி ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கு முன் பன்னிரண்டு மணி நேரம், பல டைவ் என்றால் பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடைசி நாளை ஸ்நார்க்கலுக்கு ஒதுக்கி இருபத்துநான்கு மணி நேரம் விடுவது நிம்மதி. கப்பல் கடல்மட்டத்திலேயே போவதால் அதற்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கொச்சியில் இறங்கியதும் பலர் மூணாறு வழியாகப் போடி, தேனி என்று காரில் கிளம்பிவிடுகிறார்கள். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். உடம்புக்கு அது விமானம் ஏறிய மாதிரிதான். குமுளிப் பாதையும் கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் மீட்டர் ஏறும். அவசரமாக ஊருக்குப் போக வேண்டியவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ஏறக்குறைய 400 மீட்டருக்கு மேல் ஏறாமல் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்துவிடலாம்.

கடிப்பவை, குத்துபவை பற்றிக் கொஞ்சம். சுறாவைக் கண்டு பயப்படுகிறவர்கள் கிளாத்தி மீனைக் கவனிப்பதில்லை. பெரிய பச்சைக் கிளாத்தி மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும்போது, குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் வடிவ இடம் முழுவதையும் தன்னுடையது என்று நினைக்கும். மேலே போனால் விரட்டிக்கொண்டே வரும். பக்கவாட்டில், ஃபின்னை அதன் பக்கம் நீட்டியபடி விலக வேண்டும். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் குத்திய இடத்தை வைத்திருந்து மருத்துவமனைக்குப் போங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள்; வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது. மணலில் நடந்தால் காலை இழுத்து இழுத்து நடங்கள், திருக்கை விலகிப்போகும். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். அதன் ஊசி ஆளைக் கொல்லும். பவளம் கிழித்த காயத்தைச் சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டு வலிக்க வலிக்கத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே துகள் தங்கினால் வாரக்கணக்கில் சீழ்க்கோர்க்கும். காதில் தண்ணீர் போனால் எண்ணெய் விடும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே வேண்டாம். ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.

லகூனில் பார்க்க வேண்டியது எது என்று கேட்டால், பெரிய உருண்டைப் பவளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு முன்னால் அசையாமல் இருபது நிமிடம் மிதக்கச் சொல்வோம். முதலில் 'கறுக் கறுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் அலகால் பாறையைக் கடிக்கும் சத்தம். பாசிக்காகக் கடித்த பவளச்சுண்ணாம்பை அரைத்து, சற்று நேரத்தில் வாலுக்குப் பின்னால் வெள்ளைப் புகையாக விடும். நீங்கள் காலையில் காலாற நடந்த வெண்மணலில் கணிசமான பங்கு அதுதான். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஃபின் பட்டு ஒடியும் கிளைப்பவளம் வேகமாக வளரும் சாதி. ஆனாலும் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றிரண்டு ஆண்டு வளர்ச்சி. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி இங்குள்ள பவளங்கள் வெளுத்தன. பழுப்பாசி மூடிய எலும்புக்கூடுகள் இன்றும் கிளைகிளையாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். செத்ததுதானே என்று அதன்மேல் நிற்காதீர்கள், புதுப் பவளக்குஞ்சு ஒட்டுவது அதன்மேல்தான்.

அகத்தியில் பேராமைகள் அதிகம். கடற்புல்லை அவை மொட்டையாக மேய்ந்து தீர்த்ததால் மீன்வரத்து குறைந்தது என்று இங்குள்ள மீனவர்களுக்கு அவற்றின்மேல் வருத்தம் உண்டு. ஆமையை மூன்று நான்கு மீட்டர் விட்டுப் பக்கவாட்டில் பின்தொடருங்கள். நேர் மேலே மிதந்தால் அது மூச்சுக்கு வரும் வழியை அடைக்கிறீர்கள். அதிகாலையில் லகூனுக்குள் படகுகள் சின்ன வலையோடு நின்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சூரை தூண்டிலுக்கான உயிர் இரைமீனைப் பிடிக்கிறார்கள். நீங்கள் கலைத்த கூட்டம் அவர்களுடைய அன்றைய தொழில். அந்தச் சூரைதான் வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்து மாசிக் கருவாடாகிறது. கடல் அட்டை, பவளம் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டாக இருந்தாலும் பையில் வைக்காதீர்கள்.

கரையேறியதும் கருவியைக் கழுவ வேண்டும், ஆனால் நல்ல தண்ணீர் இங்கே பணத்தைவிட அரிது. மணலுக்கடியில் மெல்லிய ஏடாக நிற்கும் நிலத்தடி நீரும், மழைத்தொட்டியும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும்தான் ஆதாரம். அந்த ஆலைகளை அமைத்தது சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். முதலாவது 2005இல் கவரத்தியில் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள், அரை வாளி போதும். வரிசை முக்கியம்: முதலில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), அதில் சிலிண்டரோடு பொருத்தும் பகுதியான முதல்நிலையின் தூசுமூடியைத் துடைத்து இறுக்கிய பிறகு, காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்தாமல், அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஏறி முதல்நிலையைத் துருப்பிடிக்க வைக்கும். அடுத்து மாஸ்க், குழாய். பிறகு பிசிடியின் உள்ளே ஒரு குவளை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்ப்பது. கடைசியில் கலங்கிய தண்ணீரில் ஃபின், காலணி. எல்லாம் நிழலில் காயட்டும். சிலிக்கான் வெயிலில் மஞ்சளாகும், கறுப்பு ரப்பர்ச் செருப்போடு ஒரே பையில் கிடந்தால் பழுப்பாகும். மாஸ்க்கை அது வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே, முகம் மேலே பார்க்க வையுங்கள்; விளிம்பு ஒருமுறை மடங்கிய நிலையில் இறுகிவிட்டால், அடுத்த முறை மீசையை மழித்தும் பயனிருக்காது.